வீட்டில் ஈழத்தலரி வளர்ப்பதும் பூக்க வைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் பல ஆண்டுகளாக ஈழத்தலரி வளர்த்து வருகிறேன். கோடையில் பூத்துக் குலுங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு கிளை கேட்டு வாங்கிச் செல்பவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, “இலை தளதளவென்று வருகிறது, பூவைத்தான் காணோம்” என்று சொல்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கான விடைகளே இவை. இதில் வரும் மாதக் கணக்கு, வடகிழக்குப் பருவமழை பெய்யும் தமிழ்நாட்டுச் சமவெளிப் பகுதிகளுக்குப் பொருந்தும்.

ஈழத்தலரி, பெருங்கள்ளி, கள்ளிமந்தாரை, ப்ளுமேரியா: எல்லாம் ஒன்றுதானா? அரளியும் இதுவும் ஒன்றா?

முதலில் சொன்ன நான்கும் ஒரே செடியினத்தின் பெயர்கள். தடித்த சாம்பல் நிறக் கிளைகளும், கிளை நுனியில் மட்டும் கொத்தாக இலைகளும், ஐந்து இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்று சற்றே முறுக்கிப் படிந்த பூவும் இதன் அடையாளங்கள். நர்சரிகளில் ப்ளுமேரியா என்று கேட்டால்தான் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

மாலை கட்டப் பயன்படும் செவ்வரளியும் வெள்ளரளியும் வேறு செடிகள். அரளியும் ஈழத்தலரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டிலும் பால் வடியும், சில ஊர்களில் இரண்டையுமே அரளி என்று அழைப்பார்கள்; குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களின் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்த்தபோது, பலர் தங்கள் வீட்டு ஈழத்தலரியைக் காட்டி இதை வெட்டிவிட வேண்டுமா என்று கவலையோடு கேட்டார்கள். அங்கே தவிர்க்கப்பட்டது, இதயத் துடிப்பைப் பாதிக்கும் நஞ்சுள்ள, குறுகலான நீண்ட இலை கொண்ட அரளி. ஈழத்தலரியில் அச்சப்பட வேண்டியது அதன் பால் மட்டுமே. தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கிளை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளும் நாய்களும் இலையையோ கிளையையோ கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது நம் நாட்டுச் செடிதானே?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இலங்கையில் புத்தர் சிலைகளின் முன் படைக்கும் பூக்களில் இதற்குத் தனி இடம் உண்டு, லாவோஸ் நாட்டின் தேசிய மலரும் இதுதான். ஆனால் இதன் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள். நிகராகுவாவின் தேசிய மலரும் இதே இனம். ப்ளுமேரியா என்ற பெயர், 1646 முதல் 1704 வரை வாழ்ந்த ஷார்ல் ப்ளுமியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் நினைவாக வைக்கப்பட்டது.

தாயகத்தைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே இந்த மரம் வளரும் இடங்கள் பெரும்பாலும் பாறைச் சரிவுகளும் வறண்ட காடுகளும்தான். ஆண்டில் பல மாதங்கள் மழையே இருக்காது. பெய்யும் மழையும் நிற்காமல் வழிந்தோடிவிடும். தடித்த கிளைக்குள் நீரைச் சேமித்துக்கொண்டு, இலையை உதிர்த்துவிட்டு, வெயிலில் காத்திருந்து பூக்கும் இயல்பு அங்கே உருவானது. நாம் செய்யும் தவறுகளில் பாதி, இதை ரோஜாவையும் மல்லிகையையும் போல நினைத்து வளர்ப்பதால் வருபவை.

முதன்முறையாக வளர்ப்பவர் எந்த வகையை வாங்கலாம்?

நம் ஊரில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். நுனி கூரான பெரிய இலையோடு, குளிர் மாதங்களில் இலையை உதிர்க்கும் ரூப்ரா வகையில்தான் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என்று எல்லா நிறங்களும் உண்டு. நுனி வட்டமாக, கரும்பச்சையாகப் பளபளக்கும் இலை கொண்ட ஒப்டூசா வகை ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும், பூ வெள்ளை. சிங்கப்பூர் வகை என்று விற்பதும் இதுதான், ஆனால் இதற்கும் கரீபியம்தான் சொந்த ஊர். மூன்றாவது புடிகா: படமெடுத்த நாகத்தைப் போன்ற இலை, கொத்துக் கொத்தாகத் தூய வெள்ளைப் பூ. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் வரிசையாக நிற்பது பெரும்பாலும் இதுதான். மிக எளிதாகப் பூக்கும், ஆனால் மணம் இல்லை என்றே சொல்லலாம்.

மணம் வேண்டும், சிரமமும் வேண்டாம் என்பவர்கள், நடுவில் மஞ்சள் படர்ந்த சாதாரண வெள்ளை ரூப்ராவில் தொடங்குங்கள். தெருவோரத்தில் யாரும் கவனிக்காமலே பூக்கும் மரம் அது. கிளை இலவசமாகவே கிடைக்கும். தாய்லாந்திலிருந்து வரும் பலநிற ஒட்டுச் செடிகள் அழகானவை என்றாலும், அவற்றைப் பூத்த நிலையில் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. அடர்சிவப்பு என்று அட்டை கட்டித் தந்த ஒரு செடியை நான் மூன்று ஆண்டுகள் வளர்த்து, முதல் பூக்குலை விரிந்த நாளில் அது வெள்ளை என்று அறிந்துகொண்டேன். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால், அது அடிச்செடியின் துளிர். உடனே கிள்ளிவிடாவிட்டால் மேலே உள்ள ஒட்டை அமுக்கிவிடும்.

போத்து (நடுவதற்காக வெட்டிய கிளைத் துண்டு) நட்டால் அழுகிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

பெரும்பாலும் மூன்று தவறுகள்: பச்சைக் கிளையை வெட்டுவது, வெட்டிய அன்றே நடுவது, நட்டபின் தினமும் தண்ணீர் ஊற்றுவது.

முற்றிய, சாம்பல் நிறமேறிய கிளையில் ஒரு அடி முதல் ஒன்றரை அடி நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். இலைகளை நறுக்கிவிட்டு, நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில் பத்து நாள் முதல் பதினைந்து நாள் வரை சும்மா சாய்த்து வையுங்கள். வெட்டுவாயில் வடிந்த பால் உறைந்து, காய்ந்த தோல்போல மூடிக்கொள்ளும். அதுதான் மண்ணிலுள்ள பூஞ்சாணம் உள்ளே நுழையாமல் தடுக்கும் கதவு. பிறகு மணல் கூடுதலாகக் கலந்த மண்ணில் மூன்று நான்கு அங்குல ஆழத்தில் நட்டு, ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டி, ஒரே ஒரு முறை நீர் விட்டு, அடுத்து மண் முழுக்கக் காயும்வரை விட்டுவிடுங்கள். வேர் இல்லாத போத்து தண்ணீர் குடிக்காது. தொட்டியில் தேங்கும் ஈரம் அழுகலுக்குத்தான் உதவும்.

வேர் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், சிலவற்றுக்கு மூன்று மாதமும் ஆகலாம். இலை விட்டதும் வேர் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கிளையில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே இரண்டு மூன்று இலைகள் வந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்கு மேல் இலைகள் விரிந்து வாடாமல் நின்றால்தான் வேர் வேலை செய்கிறது என்று பொருள். சந்தேகம் வந்தால் பிடுங்கிப் பார்க்காதீர்கள். அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. சற்றே சுருங்கியிருந்தாலும் பயமில்லை. விரல் உள்ளே அமுங்கினால் அது அழுகல். வேரில்லாத போத்தே பூக்குலை தள்ளினால், மனம் கேட்காவிட்டாலும் அந்தக் குலையைக் கிள்ளிவிட வேண்டும், ஏனெனில் வேருக்குப் போக வேண்டிய சத்து முழுவதும் அதில் போய்விடும்.

போத்து வைக்க ஏற்ற காலம் மாசி முதல் வைகாசி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வைப்பது பெரும்பாலும் வீண்.

மண் கலவையும் தொட்டியும் எப்படி இருக்க வேண்டும்?

செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. மணலுக்குப் பதிலாகச் சலித்தெடுத்த சிறு ஜல்லியும் பயன்படும். தேங்காய் நார்த்தூளை அதிகம் சேர்க்காதீர்கள். மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தொடக்கத்தில் 12 அங்குலத் தொட்டி போதும், இரண்டு மூன்று ஆண்டுகளில் 18 அங்குலத்துக்கு மாற்றலாம். சிறிய செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் எப்போதும் நனைந்தே கிடக்கும். தரையில் வைப்பதானால் மேட்டில் வையுங்கள். வேர் சுவரைப் பெயர்க்கும் வகையைச் சேர்ந்தது அல்ல.

தினமும் தண்ணீர் விடலாமா?

நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் விட வேண்டாம். மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் இல்லையென்றால் தொட்டியின் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டிக்குத் தினமுமே தேவைப்படலாம். அதே தொட்டிக்கு, இலையெல்லாம் உதிர்ந்த மார்கழியில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை விட்டாலே அதிகம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் இலையின் ஓரம் கருகும், தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு தெரியும். மழை பெய்யும்போது செடியை வெளியே வைத்து, அந்த உப்பு கழுவிப் போகும்படி செய்வதுதான் சிறந்த மருந்து.

நான்கு ஆண்டுகள் ஆகியும் பூக்கவில்லை. ஏன்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். உரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன், அந்தச் செடியின் அருகில் ஒரு நாள் முழுவதும் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று பாருங்கள். ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாத இடத்தில் ரூப்ரா வகை இலையை மட்டுமே தரும். கிழக்கு பால்கனியில் காலை வெயில் மட்டும் பெறும் செடி, நீண்டு மெலிந்து, இலைக்கும் இலைக்கும் இடைவெளி விட்டு வளர்வதைப் பார்க்கலாம். அது வெயிலைத் தேடி நீள்கிறது. பூக்க அதற்கு மிச்சம் எதுவும் இல்லை. அப்படி மூன்று ஆண்டுகள் பூக்காமல் நின்ற ஒரு செடியை, வேறெதுவும் செய்யாமல், மாடிக்கு மட்டும் மாற்றியதில் அடுத்த கோடையில் இரண்டு குலைகள் வந்தன. இப்படி மாற்றும்போது ஒரே நாளில் உச்சி வெயிலில் வைக்க வேண்டாம். தண்டின் தோல் வெந்துவிடும். ஒரு வாரம், பத்து நாள் படிப்படியாகப் பழக்குங்கள்.

இரண்டாவது காரணம், இந்தச் செடி பூக்கும் முறை. பூக்குலை கிளையின் நுனியிலிருந்து மட்டுமே வரும். குலை வந்த நுனி அத்தோடு நின்று, அதன் கீழிருந்து இரண்டு மூன்று புதிய கிளைகள் பிரியும்; அவை முற்றிய பிறகு அவற்றின் நுனிகளில் அடுத்த குலைகள் வரும். ஆகவே ஒரு செடியில் எத்தனை முற்றிய நுனிகள் உண்டோ அத்தனை குலைகளையே எதிர்பார்க்க முடியும். உயரம் கூடுகிறதே என்று ஆண்டுதோறும் நுனியை வெட்டுபவர், வரவிருந்த பூவைத்தான் வெட்டுகிறார். இதை அறியாமல் செய்பவர்கள் மிகப் பலர்.

மூன்றாவது, தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. பக்கத்திலுள்ள கீரைப் பாத்திக்கு இடும் யூரியா இதன் வேருக்கும் போய்ச் சேர்ந்தால் இலை ஒரு முழ நீளத்துக்கு வளரும், பூ வராது. நான்காவது, விதையிலிருந்து வந்த செடியாக இருந்தால், அதன் வயது இன்னும் போதாமல் இருக்கலாம்.

மாசி, பங்குனி மாதங்களில் கிளை நுனியை அருகில் குனிந்து பார்க்கப் பழகுங்கள். இலைத் துளிர் என்றால் ஒற்றைக் கூர்முனையாக, பச்சையாக நீளும். பூக்குலை என்றால், நுனி சற்றே பருத்து, சிறு சிறு மணிகளை நெருக்கி வைத்ததுபோல இளஞ்சிவப்பாகத் தெரியும், ஒரு பறவையின் மூடிய நகங்களைப் போல. அதைக் கண்ட நாளிலிருந்து முதல் பூ விரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியை இடம் மாற்ற வேண்டாம்.

பூக்க வைக்க எந்த உரம் நல்லது? மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைய வேண்டும் என்கிறார்களே?

பூ என்றால் மணிச்சத்து என்று கைநிறைய டிஏபி உரம் போடும் வழக்கம் நல்லதல்ல. நம் மண்ணில் மணிச்சத்து அளவுக்கு மீறினால், இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுத்துக்கொள்வது தடைபடும். நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி வெளிறியும் வரும் இளம் இலைகள் அதன் அறிகுறி. மேலும் டிஏபியில் தழைச்சத்தும் இருக்கிறது.

மாசி இறுதியில் துளிர் தொடங்கும்போது, மேல் மண்ணைக் கிளறி, 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இடுகிறேன். பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை, தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளும் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம், ஈரமான மண்ணில் மட்டும் ஊற்றுகிறேன். முதிர்ந்த இலைகளின் ஓரம் மஞ்சளித்தால் எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, மாதம் ஒரு முறை. புரட்டாசியோடு எல்லா உரத்தையும் நிறுத்திவிடுவேன். ஓய்வுக்குப் போகும் செடிக்கு உரம் தீங்கு.

கவாத்து செய்யவே கூடாதா?

செய்யலாம், காலம் அறிந்து செய்ய வேண்டும். தை இறுதியிலோ மாசித் தொடக்கத்திலோ, இலையில்லாமல் நிற்கும்போது, துளிர் தொடங்கும் முன் வெட்டினால் வெட்டிய இடத்தின் கீழ் இரண்டு முதல் நான்கு கிளைகள் வரும். அவை பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான் பூக்கும். எனவே எல்லாக் கிளைகளையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி என்று செய்தால் ஒரு கோடையும் பூவின்றிப் போகாது. கார்த்திகை மழையில் வெட்டுவதை மட்டும் அறவே தவிருங்கள்.

மார்கழியில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. செடி செத்துவிட்டதா?

இல்லை, உறங்குகிறது. ரூப்ரா வகைக்கு இது இயல்பு. கிளை கெட்டியாக இருந்தால், நகத்தால் லேசாகக் கீறினால் பால் வந்தால், செடி நன்றாகவே இருக்கிறது. இந்தக் காலத்தில் இரக்கப்பட்டு ஊற்றும் தண்ணீரால்தான் பல செடிகள் சாகின்றன. ஒப்டூசாவும் புடிகாவும் முழுமையாக உதிர்ப்பதில்லை. அவை மொட்டையாகி நின்றால் வேரைச் சோதிக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உறைபனி விழும் இடங்களில் குளிர் மாதங்களில் வீட்டுக்குள் எடுத்து வைப்பது கட்டாயம்.

கிளையின் நுனி கருத்து மென்மையாகிறது. என்ன செய்வது?

ஐப்பசி முதல் மார்கழி வரை, மழையும் குளிர்ச்சியும் சேரும்போது வரும் அழுகல் இது. நாளை பார்க்கலாம் என்று விடக்கூடாது, தண்டின் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கூரிய கத்தியைச் சானிடைசரால் துடைத்துவிட்டு, கருமைக்குக் கீழே வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தால் இன்னும் ஒரு அங்குலம் கீழே. மீண்டும் தெரிந்தால் மீண்டும். தூய வெண்மையும், வெட்டியவுடன் பொங்கும் பாலும் தெரியும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். பிறகு வெட்டுவாயில் பூஞ்சாணக்கொல்லித் தூள் தடவி, அது காயும்வரை மழை படாத இடத்தில் வையுங்கள். அழுகல் அடித்தண்டில் தொடங்கியிருந்தால் செடியைக் காப்பாற்ற இயலாது. மேலே நல்ல நிலையில் உள்ள கிளைகளை வெட்டி உலர வைத்துவிடுங்கள். இலையற்ற போத்துகள் காய்ந்த நிழலில் இரண்டு மாதம்கூடத் தாங்கும் என்பதால், மாசி வரை காத்திருந்து நடலாம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் முறிந்த கிளைகளை இப்படி வைத்திருந்து நட்டவைதான் இன்று எங்கள் வாசலில் நிற்கின்றன.

இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூளும், வெள்ளைப் பஞ்சும் தெரிகின்றன. ஆபத்தா?

ஆரஞ்சுத் தூள், துரு நோய். செடி சாகாது, இலை முன்கூட்டியே உதிரும். பாதித்த இலைகளைக் கிள்ளி, உதிர்ந்தவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். இலையில் படாமல் வேரில் மட்டும் நீர் விடுங்கள்.

வெள்ளைப் பஞ்சு, மாவுப்பூச்சி. இதன் ஒரு வகையான பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவித் தமிழக உழவர்களுக்குப் பெருத்த இழப்பைத் தந்தது. 2010-இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியது. அந்தக் குளவிகளும் பொறிவண்டுகளும் இன்றும் நமக்காக வேலை செய்கின்றன, ஆகவே எடுத்தவுடன் கடும் பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டாம் என்பதை வேண்டுகோளாகவே சொல்கிறேன். குழாய் நீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். எறும்புகளையும் கவனியுங்கள், மாவுப்பூச்சியைப் பாதுகாப்பவை அவைதான்.

மொட்டு வந்தும் விரியாமல் உதிர்கிறதே?

தண்ணீரில் ஏற்ற இறக்கம், செடியை இடம் மாற்றியது, இலைப்பேன், நீண்ட மழை ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். ஒரு குலையில் எல்லா மொட்டும் விரியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். இளஞ்செடியின் முதல் குலை பாதியில் நின்றுபோவது வழக்கமே.

இது கல்லறைத் தோட்டத்துச் செடி, வீட்டில் வைக்கக்கூடாது என்கிறார்கள்.

கல்லறைத் தோட்டங்களில் இதைக் காணக் காரணம், நீர் ஊற்ற ஆளில்லாத இடத்திலும் இது பிழைத்து, இலையற்ற கிளையிலும் பூப்பதுதான். அதே பூவைத்தான் பாலித் தீவில் கோயிலில் படைக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் மனம் வருந்துவார்கள் என்றால், அவர்களோடு வாதிடாமல் மாடியில் வையுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அவர்களையே அங்கே அழைத்துச் செல்லுங்கள். இந்தப் பூவின் மணம் இருட்டிய பிறகுதான் கூடும். இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக எழும் மணம் அது. பூவில் தேன் கிடையாது. தேனைத் தேடிப் பூவுக்குப் பூ தாவும் அந்துப்பூச்சி, ஏமாந்தபடியே மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது.

காய் பிடித்திருக்கிறது. விதை போட்டால் அதே நிறம் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறம் வேண்டும் என்றால் போத்து அல்லது ஒட்டுதான் வழி. ஆனால் புது நிறம் கிடைக்கும் வாய்ப்பும் விதையில்தான் உண்டு. மகரந்தம் பூக்குழலின் அடியில் ஒளிந்திருப்பதால் காய் பிடிப்பதே அரிது, எனவே பிடித்ததை வெட்டிவிடாதீர்கள். இரட்டைக் கொம்புபோல இருக்கும் அந்தக் காய் முற்ற எட்டு, ஒன்பது மாதங்கள் ஆகும். பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கியதும் ஒரு பழைய கொசுவலைத் துண்டால் காயைச் சுற்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள்; வெடித்த அன்றே, இறக்கை கொண்ட விதைகள் காற்றில் போய்விடும். இறக்கைப் பக்கம் மேலே தெரியும்படி, தடித்த முனையை மட்டும் மணல் கலந்த மண்ணில் செருகினால், இரண்டு வாரங்களுக்குள் முளை விடும். அந்த நாற்று பூக்க இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகலாம். விதைத்த தேதியையும் தாய்ச்செடியின் நிறத்தையும் ஒரு அட்டையில் பென்சிலால் எழுதிச் செருகி வையுங்கள். பேனா மை ஒரு கோடைகூடத் தாங்காது.